மரபணுவைத் தலையெழுத்தாக்கும் அரசியல்

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேச மாநிலம் ஷாடோலில், தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கத்தைப் பிரதமர் மோடி தொடங்கி வைத்தார். 2047ஆம் ஆண்டுக்குள் இந்நோயை ஒழிப்பது இலக்கு என அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடு உள்ளிட்ட 17 மாநிலங்களில், பழங்குடி மக்கள் மிகுதியாக வாழும் பகுதிகளில், 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது திட்டத்தின் முதற்கட்டம். 2025இன் நடுப்பகுதியில் இந்த எண்ணிக்கை 6 கோடியைக் கடந்துவிட்டதாக ஒன்றிய அரசு கூறியது. நோயாளர் எனக் கண்டறியப்பட்டோர் 2 இலட்சத்துக்கும் மேல். நோயின்றி அம்மரபணுவைச் சுமப்போர் 16 இலட்சத்துக்கும் மேல். அவரவர் மரபணு நிலையைக் குறிக்கும் அட்டையும் வழங்கப்பட்டு வருகிறது. திருமணத்திற்கு முன் மணமக்கள் தம் அட்டைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதே பரப்புரையின் மையம்.

பரிசோதனையை நாம் எதிர்க்கவில்லை. நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்ட நோய் அரசின் கவனத்துக்கு வந்திருப்பதை வரவேற்கிறோம். ஆனால் அட்டைக்குப் பின்னால் ஒரு கருத்து மறைந்து நிற்கிறது. “நோய் உன் இரத்தத்தில் உள்ளது, உன் முன்னோர் தந்தது, நீ யாரை மணக்கிறாய் என்பதில்தான் தீர்வு உள்ளது” என்பதே அக்கருத்து. மருத்துவமனையின் பொறுப்பு இவ்வாறு மணமேடைக்கு மாற்றப்படுகிறது. உயிரியல் இதற்குச் சான்றளிக்கிறதா என்பதைத் தோழர்கள் அறிந்திருப்பது நல்லது.

ஓர் எழுத்தின் திரிபு

இரத்தச் சிவப்பணுவில் உயிர்வளியைச் சுமந்து செல்லும் புரதம் ஹீமோகுளோபின். அதன் பீட்டா சங்கிலி 146 அமினோ அமிலங்களால் கோக்கப்பட்டது. அந்தச் சங்கிலிக்கான மரபணுவில் ஜிஏஜி என்றிருக்க வேண்டிய ஓரிடத்தில் ஜிடிஜி என்று ஓர் எழுத்து மாறியிருப்பதே இந்நோயின் வேர். அதனால் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்கு மாறாக வேலின் வந்து அமர்கிறது. உயிர்வளி குறையும்போது இந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. வட்டமான சிவப்பணு அரிவாள் போல வளைகிறது. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்கின்றன. எலும்பிலும் மூட்டிலும் தாங்கவொண்ணா வலி, தொடர் சோகை, நோய்த்தொற்று, பக்கவாதம் ஆகியவை தொடர்கின்றன.

1910இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் இவ்வணுக்களை முதன்முதலில் விவரித்தார். 1949இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் இதனை மூலக்கூற்று நோய் என நிறுவினர். 1950களின் நடுவில் வெர்னான் இங்ராம் மாறியிருப்பது ஒரே ஓர் அமினோ அமிலம் எனக் காட்டினார்.

‘மியூடேஷன்’ என்ற சொல்லைத் தமிழில் பிறழ்வு, சடுதிமாற்றம், விகாரம் எனப் பலவாறு ஆக்கியுள்ளனர். பிறழ்வு என்ற சொல்லில் நெறி தவறிய குற்றத்தின் சாயல் உண்டு. விகாரம் என்பதோ பேச்சு வழக்கில் அருவருப்பைக் குறிக்கும். ஆனால் இலக்கணத்தில் விகாரம் இழிசொல் அன்று. சொற்கள் புணரும்போது நிகழும் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்றையும் நன்னூலார் விகாரம் என்கிறார். மரபணுவிலும் எழுத்து புதிதாகத் தோன்றலாம், ஒன்று மற்றொன்றாகத் திரியலாம், இருந்தது கெடலாம். அரிவாள் செல் சோகையில் நிகழ்ந்தது திரிதல். திரிபு என்றதும் நம் தோழர்களுக்குத் திரிபுவாதம் நினைவுக்கு வரக்கூடும். இங்கே அந்தப் பொருள் இல்லை. மரபணுத் திரிபு தன்னளவில் நன்றும் அன்று, தீதும் அன்று. அது எந்தச் சூழலில் நிகழ்கிறது, எத்தனை படிகளாக வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்தே அதன் விளைவு அமையும்.

காடும் காய்ச்சலும் உழைப்பும்

இத்திரிபே அதற்குச் சான்று. தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரு படிகளும் திரிந்திருந்தால் நோய் வரும். ஒரு படி மட்டும் திரிந்திருந்தால் பொதுவாக நோய் வராது. கொடிய மலேரியாவிலிருந்து பெருமளவு பாதுகாப்பும் கிடைக்கும். இதனை 1954இல் அந்தோணி அலிசன் கிழக்கு ஆப்பிரிக்க ஆய்வுகளால் காட்டினார். தொற்றுநோய்கள் மனித மரபையே வடிவமைக்கின்றன என்ற கருத்தை, தலசீமியாவை முன்வைத்து, 1949இலேயே எழுப்பியவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியின் ‘டெய்லி வொர்க்கர்’ ஏட்டில் தொழிலாளர்களுக்காக அறிவியல் எழுதிய அதே ஹால்டேன் 1957இல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார்.

ஆக, மலேரியா நிறைந்த காடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்தவர்களிடம் இத்திரிபு மிகுந்திருப்பதற்குக் காரணம் இரத்தத்தின் மாசு அன்று. அவர்கள் வாழ்ந்த சூழலின் வரலாறு. நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952இல் இது பதிவு செய்யப்பட்டது. அதே ஆண்டில் மேல் அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் கண்டறியப்பட்டது. அவர்கள் மத்திய, கிழக்கு இந்தியாவிலிருந்து காலனிய முதலாளிகளால் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டோரின் வழிவந்தோர். அட்லாண்டிக் கடலைத் தாண்டி இம்மரபணு அமெரிக்கா சென்றது அடிமைக் கப்பல்களில். மரபணுவின் வரைபடத்திற்குள் உழைப்புச் சுரண்டலின் வரைபடமும் இருக்கிறது. இதனைப் ‘பழங்குடி நோய்’ என்று முத்திரை குத்துவதும் பிழையே. மத்திய இந்தியாவில் பட்டியல் சாதியினரிடமும் பிற்படுத்தப்பட்ட சமூகங்களிலும் இது கணிசமாக உள்ளது.

எழுதியதெல்லாம் வாசிக்கப்படுவதில்லை

நம் உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் ஒரே மரபணுத் தொகுதிதான் உள்ளது. புரதங்களுக்கான மரபணுக்கள் சுமார் 20,000. ஆயினும் கல்லீரல் அணு ஹீமோகுளோபினைச் செய்வதில்லை. சிவப்பணுவின் முன்னோடி அணு பித்தநீரைச் சுரப்பதில்லை. எந்த மரபணு, எந்த அணுவில், எப்போது, எவ்வளவு செயல்பட வேண்டும் என்பதை முடிவு செய்யும் ஒழுங்காற்று அமைப்பு ஒன்று உண்டு. மரபணுத் தொகுதியில் புரதத்துக்கான குறிப்பு 2 விழுக்காட்டுக்கும் குறைவே. எஞ்சியதில் ஒரு பகுதி இந்த ஒழுங்காற்றுக்கு உரியது.

கருவில் இருக்கும் சிசுவின் ஹீமோகுளோபின் வேறு. அதில் பீட்டா சங்கிலி இல்லை. காமா சங்கிலி உண்டு. பிறந்த பின் சில மாதங்களில் காமா மரபணு அடங்கி, பீட்டா மரபணு முழுமையாகச் செயல்படுகிறது. அதனால்தான் இருபடித் திரிபுடன் பிறக்கும் குழந்தையும் முதல் சில மாதங்கள் நலமாக இருக்கிறது. கருக்கால ஹீமோகுளோபின் குறையக் குறைய நோய் வெளிப்படுகிறது. எழுத்துப் பிழை பிறப்பிலேயே இருந்தும், அப்பகுதி வாசிக்கப்படும் வரை துன்பம் இல்லை.

காமா மரபணுவை அடக்கி வைப்பதில் பிசிஎல்11ஏ என்னும் புரதம் முதன்மைப் பங்கு வகிக்கிறது என்பது 2008இல் நிறுவப்பட்டது. 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்ற ‘காஸ்ஜெவி’ சிகிச்சை இந்த அறிவின் மேல் எழுந்ததே. அது திரிந்த எழுத்தைத் திருத்துவதில்லை. நோயாளரின் சொந்தக் குருத்தணுக்களை வெளியே எடுத்து, இரத்த அணுக்களில் பிசிஎல்11ஏயைத் தூண்டும் பகுதியைக் கிரிஸ்பர் முறையில் வெட்டிவிடுகிறது. அடக்குமுறை தளர்ந்ததும் கருக்கால ஹீமோகுளோபின் மீண்டும் பெருகுகிறது. பழைய திரிபு அப்படியே இருக்க, நோயின் கொடுமை விலகுகிறது.

விலை மலிந்த ஹைட்ராக்சியூரியா மாத்திரையும் கருக்கால ஹீமோகுளோபினை உயர்த்தக்கூடியதே. அது வலித் தாக்குதல்களைப் பாதியளவுக்குக் குறைக்கிறது என்று 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஒரே திரிபு உடையவர்களிலும் ஒருவருக்கு நோய் கடுமையாகவும் மற்றொருவருக்கு மிதமாகவும் இருப்பதற்குக் கருக்கால ஹீமோகுளோபினின் அளவு ஒரு முக்கியக் காரணம். நீரிழப்பு, குளிர், நோய்த்தொற்று, அளவு மீறிய உடலுழைப்பு ஆகியவை வலித் தாக்குதலைத் தூண்டுவன. குடிநீரின்றிச் செங்கல் சூளையில் கொளுத்தும் வெயிலில் கல் சுமப்பவருக்கும், நிழலில் அமர்ந்து பணியாற்றுபவருக்கும் அதே மரபணு ஒரே வாழ்வைத் தருவதில்லை.

நெற்றியில் எழுத நினைத்தவர்

மரபணுவை விதியாகக் கருதும் பிழையில் பெரும் அறிவாளிகளும் வீழ்ந்திருக்கிறார்கள். வேதியியலுக்கும் அமைதிக்கும் நோபல் பரிசு பெற்ற பாலிங், இந்த மரபணுவைச் சுமக்கும் இளையோர் நெற்றியில் ஓர் அடையாளத்தைப் பச்சை குத்த வேண்டும் என்று 1968இல் எழுதினார். ஒரே மரபணுவைச் சுமக்கும் இருவர் காதல் கொள்ளாமல் விலகிவிடுவார்களாம். தலையெழுத்து என்ற நம் நாட்டு மூடநம்பிக்கைக்கு ஆய்வுக்கூடத்திலிருந்தே ஒரு பச்சைக்குத்து! நல்வாய்ப்பாக அது நடக்கவில்லை. ஆனால் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் கட்டாயப் பரிசோதனைச் சட்டங்கள் வந்தன. சுமப்போர் நோயாளராகக் கருதப்பட்டு, கறுப்பின மக்கள் வேலையும் காப்பீடும் மறுக்கப்பட்டனர். அமெரிக்க விமானப்படைப் பயிற்சிக் கழகம் சுமப்போரை 1981 வரை சேர்த்துக்கொள்ளவில்லை.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. இடதுசாரிகள் அதை மறக்கக் கூடாது. மரபணு என்பதே முதலாளித்துவக் கற்பனை என்ற லைசென்கோவின் போக்கு 1948இல் சோவியத் ஒன்றியத்தின் அதிகாரபூர்வ நிலைப்பாடாயிற்று. அதற்கு முன்பே, 1943இல், வாவிலோவ் போன்ற மாபெரும் விதை ஆய்வாளர் சிறையில் மாண்டிருந்தார். மரபணுவை மறுப்பது பொருள்முதல்வாதம் ஆகாது. உள்ளிருப்பதும் சூழலும் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே உயிரை உருவாக்குகின்றன என்று, எங்கெல்ஸுக்குக் காணிக்கையாக்கிய தம் 1985ஆம் ஆண்டு நூலில் ரிச்சர்ட் லெவின்சும் ரிச்சர்ட் லெவொன்டினும் விளக்கினர். அந்நூலிலேயே லைசென்கோ போக்கையும் அவர்கள் ஆராய்ந்தனர். நாம் நிற்க வேண்டிய இடம் அதுவே.

மரபு என்ற சொல்லோடு நாம் விழிப்பாக இருக்க வேண்டிய காரணமும் உண்டு. இன்று ‘ஜெனடிக்ஸ்’ துறைக்கு நாம் வழங்கும் மரபியல் என்ற பெயர் தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கு உரியது. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்த அரிய சிந்தனை அங்கே உள்ளது. அதே இயலில் அந்தணர், அரசர், வைசிகர், வேளாளர் என்னும் நால்வர்க்குரிய அடையாளங்களும் பட்டியலிடப்படுகின்றன. அவை இடைச்செருகல் என்பாரும் உளர். பிறப்பால் தகுதி வகுக்கும் வழக்கம் வேரூன்றிய நாட்டில், மரபணு என்ற சொல் சாதிக்குப் புதிய அறிவியல் சட்டை ஆகிவிடக் கூடாது.

அட்டைக்கு அப்பால்

இருவரும் சுமப்போராயின், ஒவ்வொரு மகப்பேற்றிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இந்த அறிவை மக்களுக்கு வழங்குவது கடமை. ஆனால் சில சமூகங்களில் ஐவரில் ஒருவருக்கும் மேல் சுமப்போர் உள்ளனர். அங்கே அட்டைப் பொருத்தம் சாதகப் பொருத்தத்தின் இடத்தைப் பிடித்தால், “குறையுள்ளவள்” என்ற பழி முதலில் பெண்கள் தலையில்தான் விழும். ஏற்கெனவே நோயோடு வாழும் இலட்சக்கணக்கானோருக்கு அட்டையால் ஒரு வலி நாளும் குறையாது.

உயிர் காக்கும் வழிகள் தெரிந்தவையே. நாள்தோறும் பெனிசிலின் தருவதால் குழந்தைகளின் நிமோகாக்கஸ் தொற்று 84 விழுக்காடு குறைந்ததை 1986இன் அமெரிக்க ஆய்வு காட்டிற்று. அதற்குப் பிறந்தவுடன் பரிசோதனை வேண்டும். பழங்குடியினரில் 86 பிறப்புகளில் ஒன்று இந்நோயுடையது என்பது அரசே தரும் கணக்கு. அவ்வாறிருக்க, நோயுள்ள பகுதிகளின் ஒவ்வொரு மகப்பேற்று மையத்திலும் இப்பரிசோதனை ஏன் கட்டாயக் கடமையாக இல்லை? 2021-22இன் ஊரக சுகாதாரப் புள்ளிவிவரப்படி, சமுதாய நல மையங்களில் தேவையோடு ஒப்பிட்டால் நிபுணர் மருத்துவர் பற்றாக்குறை ஏறத்தாழ 80 விழுக்காடு. அட்டையில் நோயாளர் என்று குறித்த பின், அவரை யாரிடம் அனுப்புவது?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயை மாற்றுத்திறன் பட்டியலில் சேர்த்தது. அதே சட்டத்தின் 4 விழுக்காடு வேலை இடஒதுக்கீட்டில் இரத்த நோய்களுக்கு இடமில்லை. மரபணு அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்க அமெரிக்கா 2008இல் சட்டம் இயற்றியது. நம்மிடம் அத்தகைய தனிச்சட்டம் இல்லை. சட்டப் பாதுகாப்பின்றிக் கோடிக்கணக்கான பழங்குடியினரின் மரபணுத் தகவல் திரட்டப்படுகிறது.

காஸ்ஜெவியின் அமெரிக்க விலை 22 இலட்சம் டாலர். 2023ஆம் ஆண்டின் நாணய மதிப்பில் ஏறத்தாழ 18 கோடி ரூபாய். நம் பொதுத்துறை ஆய்வகமான சி.எஸ்.ஐ.ஆர். மரபுத்தொகுதி ஆய்வு நிறுவனம் கிரிஸ்பர் முறையில் ‘பிர்சா 101’ என்ற சிகிச்சையை உருவாக்கியிருப்பது பெருமைக்குரியது. அதன் தொழில்நுட்பம் தனியார் நிறுவனமான சீரம் இன்ஸ்டிடியூட்டிடம் சென்றுள்ளது. பிர்சா முண்டாவின் பெயரைத் தாங்கிய மருந்து அவர் மக்களுக்கு எட்டாத விலையில் விற்கப்பட்டால், அதைவிடக் கொடிய கேலி வேறில்லை. மக்கள் வரிப்பணத்தில் பிறந்த சிகிச்சை மக்களுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

பிறந்தவுடன் பரிசோதனை, பெனிசிலினும் தடுப்பூசியும், ஆரம்ப சுகாதார நிலையம்தோறும் தட்டுப்பாடின்றி ஹைட்ராக்சியூரியா, கட்டணமற்ற இரத்தம், கருவுற்ற பெண்களுக்குத் தனிக் கவனிப்பு, பணியிடத்தில் குடிநீரும் ஓய்வும், வேலை இடஒதுக்கீடு, மரபணுத் தகவலுக்குச் சட்டப் பாதுகாப்பு ஆகியவை நம் கோரிக்கைகளாக வேண்டும். பழங்குடி மக்களிடையே பணியாற்றும் தோழர்கள் கிராமக் கூட்டங்களில் இவற்றை எடுத்துச் சொல்ல வேண்டும். அட்டை பெற்றவர் எவரையும் ஒதுக்காதிருக்கவும் அங்கேயே வலியுறுத்த வேண்டும். மரபணுவில் ஓர் எழுத்து மாறியதற்கு எவரும் பொறுப்பில்லை. மருந்து இருந்தும் அது குழந்தைக்குச் சென்று சேராததற்கு ஆட்சியாளர்களே பொறுப்பு.