தவறாமல் வருவதே தொண்டு

புனே நகரின் ஔந்த் போன்ற பகுதிகளில் அடுக்குமாடிக் கட்டடங்கள் உயர்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைக் கட்டும் தொழிலாளர் பலர் அருகிலேயே தகரக் கொட்டகைகளில் வாழ்கின்றனர். கட்டடம் முடிந்ததும் குடும்பம் வேறிடம் செல்கிறது. குழந்தையின் படிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

இக்குறையைப் போக்க, ரஜனி பராஞ்சபேயும் பீனா லஷ்கரியும் 1988இல் மும்பையில் ‘டோர் ஸ்டெப் ஸ்கூல்’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். 1993 முதல் அது புனேவிலும் பணியாற்றுகிறது. குழந்தைகள் இருக்கும் இடத்திற்கே வகுப்பு செல்கிறது, பேருந்தும் வகுப்பறையாகிறது.

இத்தகைய மையங்களுக்கு உதவ விரும்புவோர் சிலர், ஒருநாள் சென்று சுவருக்கு வண்ணம் பூசித் திரும்புகின்றனர். அது நன்றே, ஆயினும் போதாது. சுவர் பொலிவு பெறுவதால் மட்டும் குழந்தை படிக்கக் கற்றுக்கொள்ளாது. வாரந்தோறும் ஒரு மணி நேரம் தவறாமல் சென்று, உடன் அமர்ந்து கதை படிப்பவரே பெருந்தொண்டு புரிகிறார். ‘அடுத்த வாரம் வருவேன்’ என்று கூறி வாராதிருப்பவரோ, காத்திருக்கும் குழந்தையை ஏமாற்றுகிறார்.

பெற்றோரின் பணிமாற்றத்தால் பள்ளி மாறிய மாணவர், பழகியவரைப் பிரியும் துயரை அறிவர். ஆகவே, பெற்றோருடன் தொண்டாற்றச் செல்லுமுன், எத்தனை வாரம் வர இயலும் என்று எண்ணிப் பார்த்து, அவ்வளவே வாக்களித்தல் நலம்.