வாளைப் பாடினோம், கட்டுப் போட்டவரை மறந்தோம்

நம் மேடைகளில் வாள் மிகுதி. மீலாது விழாவாயினும், மதரஸாவின் ஆண்டு விழாவாயினும், சரித்திரக் கதை எழுதும் நம்மவரின் பேனாவாயினும், குதிரைக் குளம்பொலி கேட்காமல் நிகழ்ச்சி நகர்வதில்லை. "ஆயிரவர் வீழ்ந்தனர்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வெற்றி விழாவுக்குப் போய்விடுகிறோம். அந்த ஆயிரவரில் அக்கணமே உயிர் நீத்தவர் எத்தனை பேர், குருதி வடிய இரவெல்லாம் கிடந்தவர் எத்தனை பேர், அவர்கள் வாயில் தண்ணீர் வார்த்தவர் யார், புண்ணைக் கழுவிக் கட்டியவர் யார் என்று கேட்பாரில்லை. அறியாமையால் வந்த மறதியன்று இது. நாம் விரும்பி வளர்த்த மறதி என்பதே நம் குற்றச்சாட்டு.

ரெட்டியார்சத்திரத்தில் இருந்துகொண்டு இதனைச் சொல்வதற்கு நமக்கு உரிமை உண்டு. திண்டுக்கல் சீமை படைகள் நடந்து தேய்ந்த சீமை. திருமலை நாயக்கரின் இறுதிக் காலத்தில், 1650களின் பிற்பகுதியில், மைசூர்ப் படை மதுரை நாட்டினுள் புகுந்து அகப்பட்டவர் மூக்குகளை அறுத்துச் சாக்குகளில் கட்டித் தன் அரசனுக்கு அனுப்பியது. சேதுபதியின் துணையோடு அப்படையை விரட்டிய மதுரையார், மைசூருக்குள் நுழைந்து அதே கொடுமையைத் திருப்பிச் செய்தனர். மூக்கறுப்புப் போர் என்று அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது. மூக்கிழந்த அந்த மக்கள் பின்னர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைச் சரித்திரம் எழுதியவர்கள் பொருட்படுத்தவில்லை.

பிறகு ஹைதர் அலி வந்தார். 1755-இல் திண்டுக்கல்லின் ஃபவுஜ்தாராக அமர்ந்து இந்தக் கோட்டையிலிருந்துதான் தம் வலிமையைப் பெருக்கிக்கொண்டார். பேகம்பூருக்குச் செல்லும் நம் குடும்பங்கள் அவர் சகோதரியின் அடக்கத்தலத்தைக் காணாமல் திரும்புவதில்லை. ஹைதரும் திப்புவும் நம் உள்ளத்தில் பெற்றிருக்கும் இடத்தைக் குறைப்பது நம் நோக்கமன்று. ஆயினும் ஒரு செய்தியை நம் மேடைகள் ஒளித்து வைக்கின்றன. அதனை நாமே சொல்லிவிடுவது நல்லது. பிறர் சொன்னால் வசையாகக் கேட்கும்.

1792-இல் முடிந்த மூன்றாம் மைசூர்ப் போரில், ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர் திப்புவின் ஆட்களிடம் சிறைப்பட்டார். அவருடைய மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. அவர் ஏந்தியது துப்பாக்கியன்று, தார்க்குச்சி. போரில் எதிரியின் அங்கங்களைச் சிதைப்பதற்கு அரபியில் 'முத்லா' என்று பெயர். பெருமானார் (ஸல்) அவர்கள் அதனைத் தடுத்தார்கள் என்பதை ஹதீஸ் பாடம் ஓதிய எந்த மாணவனும் அறிவான். தடுக்கப்பட்டதை யார் செய்தாலும் அது தடுக்கப்பட்டதே. சுல்தானின் ஆட்கள் செய்தபோது அது 'அக்காலப் போர் மரபு' ஆகிவிடும், பிறர் செய்தபோது கொடுமை ஆகிவிடும் என்பது எந்த மத்ஹபின் சட்டம்?

அந்தக் காவஸ்ஜியின் கதை வெட்டோடு முடியவில்லை. ஏறத்தாழ ஓராண்டு மூக்கின்றித் திரிந்த அவருக்குப் பூனாவின் அருகே செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் புதிய மூக்கு வைத்தார். மெழுகைத் தகடாக்கி மூக்கின் அளவுக்கு வடித்து, அதனை நெற்றியில் பரப்பிக் கோடு கீறி, அந்த அளவுக்குத் தோலை உரித்தார். இரு கண்களுக்கும் இடையே ஒரு சிறு இணைப்பை மட்டும் அறுக்காமல் விட்டார். குருதியோட்டம் அற்றுப்போனால் தோல் அழுகிவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். தோலைக் கீழே திருப்பி, மூக்கிருந்த இடத்தைக் கீறிப் பதித்து, நாம் வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியை நீரில் குழைத்துத் துணியில் தடவி மேலே ஒட்டினார். ஏறத்தாழ 25 நாள் கழித்தே அந்த இணைப்பைத் துண்டித்தார். இதனை ஆங்கில வைத்தியர் இருவர் அருகிருந்து கண்டனர். 1794 அக்டோபரில் லண்டன் மாத இதழ் ஒன்றில் படத்தோடு அது வெளிவந்தது. அதனைப் படித்த கார்ப்யூ என்னும் லண்டன் அறுவை வைத்தியர் பல்லாண்டு ஆராய்ந்து, 1814-இல் தாமே அம்முறையைச் செய்து பார்த்தார். அவர் மூக்கு வைத்தவர்களுள் ஒருவர், ஸ்பெயின் நாட்டு அல்புவேராப் போரில் வாள்வெட்டுப் பட்ட படை அதிகாரி.

வெட்டியவர்களின் தலைவர் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். மூக்கு வைத்தவரின் பெயரோ எவருக்கும் தெரியாது.

நம் மார்க்க நூல்களிலும் ஒரு மூக்கு உண்டு. அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்கள் அறியாமைக் காலத்துக் குலாப் போரில் மூக்கை இழந்து, வெள்ளியால் ஒன்று செய்து வைத்துக்கொண்டார். அது நாற்றமெடுத்தது. பொன்னால் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆடவருக்குப் பொன் ஆகாது என்ற சட்டமே காயம்பட்டவருக்காக விலகி வழிவிட்டது! இந்த ஹதீஸை நம் ஆலிம்கள் பொன்னணியும் சட்டத்தின் கீழே பாடம் நடத்துவார்கள். வைத்தியத்தின் கீழே நடத்த அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

மேடையில் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவியின் பெயரை முழக்குவோர் உண்டு. இருநூறு கருவிகளை வரைந்து காட்டினார் என்பார்கள், கைதட்டல் எழும். அவர் 'அத்தஸ்ரீஃப்' நூலின் முப்பதாம் பகுதியில் அம்பு பிடுங்கும் முறையை எத்துணைப் பொறுமையோடு விளக்குகிறார் என்பதை எவரேனும் சொன்னதுண்டா? கண்ணின் ஓரத்தில், மூக்கின் அடியில் தைத்த அம்பைக் காதுமடலின் கீழ்ப்புறமாக வெளியே எடுத்ததையும், அம்மனிதரின் கண் கெடாமல் பிழைத்ததையும் அவரே எழுதுகிறார். உடற்கூறு கல்லாமல் கத்தியை எடுப்போரால் இக்கலை தம் நாட்டில் அழிகிறது என்று வருந்தவும் செய்கிறார். அவருக்கு முன்பே பக்தாதில் பர்மகீ அமைச்சர்கள் சுசுருதரின் நூலை அரபியில் பெயர்க்கச் செய்தனர். அன்றையோர் அறிவை அறிவாகவே ஏற்றனர். அது எம்மதத்தாருடையது என்று பார்த்து ஒதுக்கவில்லை.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். அகழ்ப்போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கைநரம்பில் அம்பு பட்டது. அவர்களைப் பள்ளிவாசலில் அமைத்த கூடாரத்தில் கிடத்தினார்கள். அங்கே காயம்பட்டோரைப் பேணியவர் ருஃபைதா அல் அஸ்லமிய்யா (ரலி) என்னும் பெண்மணி. ஸஅத் பிழைக்கவில்லை, ஆறிவந்த புண் மீண்டும் பீறிட்டு இறந்தார். அதனால் அந்தப் பணி வீணென்று எவரும் சொல்லவில்லை. ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களும் உம்மு அதிய்யா (ரலி) அவர்களும் போர்க்களம் சென்று காயத்திற்கு மருந்திட்டனர். உம்மு அதிய்யா சென்றது ஏழு போர்களுக்கு! உஹதில் பெருமானாரின் முகத்துக் குருதி நிற்காதபோது, பாயைக் கரித்துச் சாம்பலை அப்பி நிறுத்தியவர் அருமை மகள் ஃபாத்திமா (ரலி).

இவ்வளவும் ஓதிய சமுதாயத்தில் ஒரு பெண் 'நர்ஸ் படிக்கிறேன் அத்தா' என்றால் வீடே இடிந்துவிழுவதேன்? நம் மாணவியர் சிலர் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்று இதனைக் கேட்டுக் கண்ணீரோடு திரும்பியதை நாம் அறிவோம். திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரியே 2022-இல் திறந்தாயிற்று. ஒட்டன்சத்திரம், பழனி செல்லும் இந்தச் சாலையில் விபத்தில் அடிபட்டுக் குருதி ஒழுகக் கிடப்பவனைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில், புண்ணை எங்கே அழுத்திப் பிடிப்பது என்று தெரிந்த ஒருவர் இருப்பது அரிதாக இருக்கிறது.

"அது போர்க்கால நிர்ப்பந்தம், அமைதிக் காலத்துக்குப் பொருந்தாது" என்பார் சில நண்பர்கள். நன்று. அப்படியானால் அவர்கள் தம் மனைவியைப் பிரசவத்திற்கு அழைத்துச் செல்லும்போது "பெண் டாக்டர்தான் வேண்டும், பெண் நர்ஸ்தான் வேண்டும்" என்று வாசலில் நின்று பிடிவாதம் செய்வதேன்? அந்தப் பெண் எங்கிருந்து வருவாள்? பிறர் தம் மகளைப் படிக்கவைத்து இரவுப் பணிக்கு அனுப்ப வேண்டும். நம் மானம் அவளால் காக்கப்பட வேண்டும். நம் மகள் மட்டும் அவ்வேலைக்குப் போகலாகாது! வளைகுடாவில் நம் பிள்ளைகள் நோயுற்றுக் கிடந்தால் தலைமாட்டில் நிற்பவள் பெரும்பாலும் கேரளத்துக் கிறிஸ்தவ வீட்டுப் பெண். அவளுக்கு துஆச் செய்கிறோம். அவளைப்போல் ஒருத்தியை வளர்க்க மறுக்கிறோம்.

உடை, ஒழுக்கம், இரவில் பாதுகாப்பு ஆகியவற்றைப் பற்றிய கவலை நியாயமானது. அதனை எள்ள மாட்டோம். அக்கவலை உள்ள ஜமாஅத்தார் விடுதிக்கும் வண்டிக்கும் வழி செய்யட்டும். விழாப் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆகும் செலவில் ஆண்டுக்கு இரண்டு பெண்களின் படிப்புக்கு உதவலாம் என்பதை எந்த நிர்வாகியும் கணக்கிட்டு அறியலாம்.

மிஞ்சுவது ஒரே மறுப்பு: நர்ஸுக்கு மாப்பிள்ளை கிடைக்காதாம். கிடைக்காது என்று சொல்வோர் மாப்பிள்ளையைப் பெற்ற தாய்மாரே. அவர்கள் கண்புரை எடுத்துக்கொண்டு கட்டோடு படுத்திருக்கும்போது, கைபிடித்து நடத்திச் செல்லும் அந்தப் பெண்ணிடம், "நீ யார் மகளம்மா?" என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.