அபூர்வப் பறவை எது?

தில்லிவாழ் தமிழன்பர்களுள் லோதி தோட்டத்தை அறியாதவர் இரார். 1936-இல் பூங்காவாக அமைந்து, 1968-இல் புதுப்பிக்கப்பட்ட அத்தோட்டத்தில், சுல்தான்களின் கல்லறை மாடங்களைச் சுற்றி உலாவுவோரிடையே தொலைநோக்கியும் காமிராவும் தாங்கிய இளைஞர் சிலரையும் இக்காலத்தில் காண்கிறோம். அபூர்வப் பறவைகளைக் காண்பதே அவர்களது நோக்கம். நல்ல பொழுதுபோக்கு, நம் வீட்டுப் பிள்ளைகளும் அதில் ஈடுபடுவது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், அபூர்வம் என்பது யாது என்று சற்றே சிந்திப்போம்.

மரக்கிளையில், வளைந்த பெரிய அலகும் நீண்ட வாலுமாக ஒரு சாம்பல் நிறப் பறவை அமர்ந்திருக்கும். முதன்முதலாகக் காண்பவர், காட்டிலிருந்து வழி தவறி வந்ததென்றே எண்ணுவார். அது இருவாட்சி, தில்லியின் நிரந்தரவாசி. பெட்டை மரப்பொந்தினுள் புகுந்து, வாயிலை அடைத்து, சிறு பிளவொன்றை மட்டும் விட்டு அடைகாக்கும். சேவல் அப்பிளவின் வழியே கனிகளை ஊட்டும். அரசம்பழத்தை நாடிவரும் பச்சைப்புறாவும் இவ்வூர்ப் பறவையே. இலையின் நிறத்தோடு ஒன்றிவிடுவதால் நம் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. நமக்குப் புதியது வேறு. ஊருக்குப் புதியது வேறு.

ஆதலின், சாதாரணப் பறவைகளை நன்கு அறிந்தவனுக்கே அபூர்வப் பறவை அகப்படும். தில்லி வானில் நாள்தோறும் வட்டமிடும் கரும்பருந்தின் பிளவுபட்ட வாலைப் பலகாலம் பார்த்துப் பழகியவனே, அவற்றிடையே வேறு வடிவுடைய கழுகொன்று பறப்பதை நொடியில் கண்டுகொள்வான்.

மற்றோர் உண்மையும் உண்டு. இன்று சாதாரணமாயிருப்பது நாளை அபூர்வமாகிவிடலாம். பிணந்தின்னிக் கழுகாகிய வெண்முதுகுப் பாறு ஒரு காலத்தில் தில்லி மரங்களில் பெருந்தொகையாகக் கூடுகட்டி வாழ்ந்தது. அதனை விசேஷமாகக் கருதியவர் மிகச் சிலரே. 1992-க்கும் 2007-க்கும் இடையே அவ்வினம் இந்தியாவில் ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. கால்நடைகளின் வலியைப் போக்க அளிக்கப்பட்ட டைக்ளோஃபெனாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் இறைச்சி வாயிலாகப் பாறுகளின் உடலிற் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுத்ததே காரணம் என்பது 2004-இல் வெளியாயிற்று. 2006-இல் இந்திய அரசாங்கம் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது.

இவ்வீழ்ச்சி எவ்வாறு தெரியவந்தது? பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ், 1980-களில் இராஜஸ்தானத்துப் பரத்பூரில் பாறுகளை எண்ணிக் குறித்து வைத்திருந்தார். 1990-களில் மீண்டும் எண்ணியபோது அவை வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டார். அவை மலிந்திருந்த நாளில் எழுதிய கணக்கே, அவை அருகிய நாளில் சாட்சியாக நின்றது.

இத்தகைய பணிக்குப் பெரும் படிப்பு வேண்டுவதில்லை. தமிழகத்தில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கலையொட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நிகழ்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளை எண்ணி, ஈ-பேர்ட் என்னும் இணையப் பதிவேட்டில் சேர்ப்பர். அப்பதிவேடு உலகம் முழுமைக்கும் பொதுவானது. லோதி தோட்டத்துக் கணக்கையும் அதில் எவரும் சேர்க்கலாம்.

வரும் பொங்கலன்று, சர்க்கரைப் பொங்கல் உண்டபின், குழந்தைகளை அழைத்துக்கொண்டு பூங்காவுக்குச் செல்லுங்கள். நாள், நேரம், இடம், எண்ணிக்கை ஆகிய நான்கையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவர்களைக் கொண்டே எழுதச் செய்யுங்கள். கூடு கண்டால் விலகி நின்று பார்க்கப் பழக்குங்கள். ஐயமுள்ள பறவைக்குப் பெயரிட வேண்டாம், ஐயமென்றே எழுதட்டும். காக்கையையும் மைனாவையும் விட்டுவிடாமல் எண்ணச் சொல்லுங்கள். பிழைக்க வந்த ஊராயினும், இந்நகரம் நம் குழந்தைகள் வளரும் ஊர். அதன் பறவைகளை அவர்கள் பெயர் சொல்லி அறிந்திருக்க வேண்டாமா?