மேடையில் ஒரு நாற்காலி கிடைத்தால் போதுமா?



உங்கள் ஊரிலும் நடந்திருக்கும். ஏதோ ஒரு பதற்றம் ஓய்ந்து பத்து நாள் ஆனதும் கடைக்கு ஓர் அழைப்பிதழ் வரும். நல்லிணக்கக் கருத்தரங்கம்! மேடையில் ஐந்து நாற்காலி, அதில் ஒன்று நமக்கு. பொன்னாடை, தேநீர், புகைப்படம். மறுநாள் பத்திரிகையில் படமும் வந்துவிடும். ஆனால் சந்தேகத்தின் பேரில் கொண்டுபோன பையன் உள்ளேயே இருப்பான். உடைத்த கடைக்கு நஷ்டஈடு வந்திருக்காது.

அப்படியானால் பேசவே கூடாதா என்று கேட்பீர்கள். பேச வேண்டும். ஆனால் கையில் எதை வைத்துக்கொண்டு பேசுகிறோம்? அதைத்தான் நாம் யோசிப்பதில்லை. இதற்கு அமெரிக்கக் கறுப்பின மக்களின் அனுபவத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். வணிகர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஏனென்றால் கதை நடந்த இடமே கடைத்தெருதான்.

பலகை இறங்கியது, மறுபடி ஏறியது

அலபாமா மாநிலத்தில் பர்மிங்காம் நகரம். 1960களின் தொடக்கத்தில் அங்கே ஐந்து பேரில் இரண்டு பேர் கறுப்பர்கள். பெரிய ஜவுளிக் கடைகளில் அவர்கள் காசு கொடுத்துத் துணி வாங்கலாம். ஆனால் அதைப் போட்டுப் பார்க்கும் அறைக்குள் நுழையக் கூடாது. அதே கடையின் சிற்றுண்டிப் பகுதியில் உட்காரக் கூடாது. குடிதண்ணீர்க் குழாயும் கழிப்பறையும்கூடத் தனித்தனி. எது யாருக்கு என்று பலகை தொங்கும். கல்லாப்பெட்டி மட்டும் நிறம் பார்க்கவில்லை!

1962 செப்டம்பரில் அந்நகரத்துப் பெருவணிகர்கள் கறுப்பினத் தலைவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். இழிவுபடுத்தும் பலகைகளை எடுத்துவிடுகிறோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். அதை நம்பி, பாதிரியார் ஃபிரெட் ஷட்டில்ஸ்வொர்த்தும் அவரது இயக்கத்தாரும் ஆர்ப்பாட்டங்களை நிறுத்தி வைத்தார்கள். என்ன ஆயிற்று? சில பலகைகள் இறங்கின. கொஞ்ச நாளில் மறுபடி ஏறின. மற்றவை இறங்கவே இல்லை. வாய்க்கணக்கில் சரக்கு கொடுத்தவன் கதிதான்!

அடுத்த ஆண்டு ஏப்ரல் 3 அன்று போராட்டம் தொடங்கியது. காலத்தைக் கவனியுங்கள். ஈஸ்டர் பண்டிகைக்குப் பதினோரு நாள் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு அடுத்தபடியாக அங்கே துணி வியாபாரம் சூடு பிடிக்கும் நாட்கள் அவை. நமக்கு ரமளானின் கடைசிப் பத்து நாட்கள் எப்படியோ, அப்படி. கறுப்பின மக்கள் அந்தக் கடைகளில் வாங்குவதை நிறுத்தினார்கள். ஏப்ரல் 12 அன்று மார்ட்டின் லூதர் கிங் கைதானார்.

அதே நாளில் எட்டு வெள்ளை மதகுருமார்கள் ஓர் அறிக்கை விட்டார்கள். கெட்டவர்கள் அல்லர், மிதவாதிகள்தாம். நீதிமன்றம் இருக்கிறது, பேச்சுவார்த்தை இருக்கிறது, தெருவுக்கு வருவானேன் என்பது அவர்கள் கட்சி. நமக்குப் பழக்கமான குரல்தானே இது? சிறையிலிருந்தபடி கிங் அதற்குப் பதில் எழுதினார். நாங்களும் பேச்சுவார்த்தையைத்தான் கேட்கிறோம், பேச மறுப்பவர்களைப் பேச வைக்கத்தான் இந்தப் போராட்டம் என்பது அந்தப் பதிலின் சாரம்.

மே 2 முதல் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் வந்தார்கள். நாய்களை ஏவினார்கள். தீயணைப்புக் குழாய்களால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். பிள்ளைகளை முன்னால் நிறுத்தியது சரியா என்ற கேள்வி அன்றே எழுந்தது. மால்கம் எக்ஸ் அதைக் கடுமையாகக் கண்டித்தார். நமக்கும் அதில் மனம் ஒப்பவில்லை. ஆனால் அந்தப் படங்கள் உலகெங்கும் போன பிறகு, அதே வணிகர்கள் மறுபடி மேசைக்கு வந்தார்கள். மே 10 அன்று உடன்பாடு அறிவிக்கப்பட்டது.

அதில் இருந்ததைப் பாருங்கள். துணி போட்டுப் பார்க்கும் அறை, சிற்றுண்டிப் பகுதி, கழிப்பறை, குடிநீர்க் குழாய் ஆகியவற்றில் பாகுபாடு 90 நாட்களுக்குள் ஒழிய வேண்டும். கறுப்பர்களுக்கு இதுவரை மறுத்து வந்த வேலைகளும் பதவி உயர்வும் 60 நாட்களுக்குள் தொடங்க வேண்டும். சிறையில் இருப்பவர்கள் வெளியே வர வேண்டும். இரு தரப்பும் உட்கார்ந்து பேசும் ஏற்பாடு எத்தனையாவது தெரியுமா? நான்காவது! கடையும் வேலையும் சிறையும் முடிந்த பிறகுதான் பேச்சு.

அதோடு எல்லாம் சுகமாகிவிடவில்லை. மறுநாள் இரவே கிங்கின் தம்பி வீட்டிலும் கிங் தங்கியிருந்த விடுதியிலும் குண்டு வெடித்தது. செப்டம்பர் 15 அன்று ஒரு தேவாலயத்தில் வெடித்த குண்டு நான்கு சிறுமிகளைக் கொன்றது. ஆனாலும் 1964 ஜூலை 2 அன்று குடிமை உரிமைகள் சட்டம் வந்தபோது, உணவகங்களிலும் பொது இடங்களிலும் பாகுபாடு நாடு முழுவதும் சட்டவிரோதமானது.

கைதட்டல் ஒரு பக்கம்

1965 பிப்ரவரி 18. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஒரு விவாதம். அமெரிக்கக் கனவு கறுப்பர்களின் செலவில் நிறைவேறியதா என்பது தலைப்பு. எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் ஆம் என்று வாதாடினார். வாக்கெடுப்பில் 544க்கு 164! மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. அதே நாள் இரவு அலபாமாவின் மேரியன் என்ற சிற்றூரில், வாக்குரிமை கேட்டு வந்த கூட்டத்தைக் காவல்துறை அடித்து விரட்டியது. ஜிம்மி லீ ஜாக்சன் என்ற 26 வயது இளைஞர் சுடப்பட்டார். எட்டாம் நாள் இறந்தார். அந்த மரணத்தின் கோபத்தில்தான் செல்மா ஊர்வலம் கிளம்பியது. ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. பால்ட்வினின் பேச்சைக் குறை சொல்லவில்லை. அரங்கத்தில் கிடைத்த 544 வாக்கு, மேரியனில் ஒருவருக்கும் வாக்குச்சீட்டு வாங்கித் தரவில்லை, அவ்வளவுதான்.

இனி அதிபர் கிளிண்டனின் ஏற்பாட்டுக்கு வாருங்கள். 1997 ஜூனில் இனப் பிரச்சினை பற்றி நாடே பேசட்டும் என்று அறிவித்தார். வரலாற்றாசிரியர் ஜான் ஹோப் ஃபிராங்க்ளின் தலைமையில் ஏழு பேர் குழு. ஊர் ஊராகக் கலந்துரையாடல். ஓஹையோவின் ஆக்ரன் நகரில் அதிபரே வந்து நடத்தினார். இனம் பற்றிப் பேசும் அந்தக் குழுவில் மண்ணின் பூர்வகுடிகளில் ஒருவர்கூட இல்லை! 1998 மார்ச்சில் டென்வர் கூட்டத்தில் அவர்கள் எழுந்து முழக்கமிட்டபோதுதான் பலருக்கு அது உறைத்தது.

அப்போது அமலில் இருந்த ஒரு சட்டத்தைக் கேளுங்கள். கொக்கைன் பொடி 500 கிராம் வைத்திருந்து விற்றால் குறைந்தது ஐந்தாண்டு சிறை. அதே சரக்கை 'கிராக்' கட்டியாக்கினால் 5 கிராமுக்கே ஐந்தாண்டு! கிராக் வழக்கில் உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். இந்த நூறு மடங்கு வித்தியாசத்தை நீக்கச் சொல்லி 1995இல் தண்டனை ஆணையமே பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் நிராகரித்தது. நிராகரித்த மசோதாவில் கையெழுத்துப் போட்டவர் யார்? அதே கிளிண்டன்! ஓராண்டு முழுக்கப் பேசி, 1998 செப்டம்பரில் அறிக்கையும் கொடுத்தார்கள். அந்த 5 கிராம், 5 கிராமாகவே இருந்தது. 2010இல்தான் 28 கிராம் ஆனது. சமம் அப்போதும் இல்லை.

இளைஞர்களே, கடையடைப்புக்கு ஆள் சேர்க்க இதை எழுதவில்லை. பர்மிங்காமில் நாய்க்கடி பட்டவர்களோடு மட்டும் நம்மைச் சேர்த்துப் பார்த்துக்கொள்வதும் நியாயமாகாது. அங்கே பலகை மாட்டியவன் வியாபாரி. நம் ஊர் டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததும் கடைக்காரர் கையால்தான். நம் கடையில் வேலை பார்ப்பவருக்கும் சரக்கு இறக்குபவருக்கும் எந்தக் குவளையில் தேநீர் கொடுக்கிறோம்? மேடை ஏறும் முன் அதைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

அடுத்த முறை அழைப்பிதழ் வந்தால் கொண்டுவருபவரை உட்கார வைத்து விசாரியுங்கள். தலைப்பு யார் போட்டது? முடிவெடுக்கும் அதிகாரி வருகிறாரா, அல்லது வாழ்த்துச் செய்தி மட்டுமா? பேசி முடிவானதை எழுதிக் கையெழுத்துப் போடுவீர்களா, எத்தனை நாள் கெடு? பதில் இருந்தால் ஜமாஅத்தாரைக் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் உட்காருங்கள். பதில் இல்லையென்றால், அன்று மாலையும் கடையில் வியாபாரத்தைப் பாருங்கள்.