ஒர்க்‌ஷாப் போனா நல்லா ஓடும் வண்டி

எங்க வீட்டுல 2008 மாடல் ஆம்னி வேன் ஒண்ணு இருக்கு. போன ஐப்பசியில ஒரு ராத்திரி, நல்ல மழை, பின் சீட்ல அம்மா. பைபாஸ்ல போகும்போது ஹெட்லைட் மங்கிச்சு, வைப்பர் பாதியில நின்னுச்சு, அடுத்த நொடி இன்ஜின் ஆஃப். பின்னாடி ஒரு லாரி ஹாரன் அடிச்சுக்கிட்டே வருது. ஓரம் கட்டுறதுக்குள்ள உயிர் போய் வந்துச்சு.

பத்து நிமிஷம் கழிச்சு சாவியைத் திருப்பினா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது.

இப்படி வந்து வந்து போற கரண்ட் கோளாறு பத்தித்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

முதல் ஒர்க்‌ஷாப்ல மீட்டர் வெச்சாங்க. 12.6 வோல்ட். பேட்டரி நல்லாத்தான் இருக்கு, ஆனா "பழசு டாக்டர், எதுக்கும் மாத்திடுவோம்". மாத்தினோம். ரெண்டு வாரம் அருமையா ஓடுச்சு, திரும்ப அதே கதை. ரெண்டாவது இடத்துல டைனமோ மாத்தினாங்க. பத்து நாள் நிம்மதி. மொத்தம் 11,500 ரூபாய்.

அவங்க ஏமாத்திட்டாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். நாங்களும் இதைச் செய்யறோம். எப்பவாவது படபடப்பு வருதுன்னு சொல்றவருக்கு, அது இல்லாத நேரத்துல ஒரு இசிஜி எடுத்துட்டு, "நார்மல், கேஸா இருக்கும்"னு அனுப்பிடறோம். துடிப்பு தப்பும்போது எடுக்காத இசிஜி அந்தத் துடிப்பைப் பத்தி என்ன சொல்லும்? 24 மணி நேரம் மாட்டி அனுப்பற ஹோல்டர் கருவி அதுக்குத்தான் இருக்கு.

மூணாவதா போனது ஒரு வயரிங் கடை. வயசானவர். வண்டியைத் தொடலை, முதல்ல கேள்விதான். மழையிலயா வெயில்லயா? லைட் எரிஞ்சுதா? பள்ளத்துல விழுந்தப்பவா? கடைசியா எதைக் கழட்டினாங்க? ரவுண்ட்ஸ்ல எங்க புரொபசர் முன்னாடி நிக்கற மாதிரி இருந்துச்சு.

"ஒரு நோட்டு போடுங்க டாக்டர். நின்னா எழுதிட்டு வாங்க."

நாலு தடவை எழுதினேன். நாலுமே லைட்டும் வைப்பரும் சேர்ந்து ஓடினப்போ.

அப்புறம் அவர் செஞ்சது இதுதான். ஹெட்லைட், வைப்பர் எல்லாத்தையும் போட்டுட்டு, மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொண்ணை பாடி இரும்புலயும் வெச்சார். கிட்டத்தட்ட பூஜ்ஜியம் காட்டணும், 0.2 வோல்ட்டுக்கு மேல போனா சந்தேகப்படணும். பாடிக்குப் போற எர்த் வயரை லேசா அசைச்சார். 0.1, 0.4, 1.3ன்னு குதிச்சுது. எல்லாத்தையும் ஆஃப் பண்ணினா பூஜ்ஜியம்.

கரண்ட் ஓடாதப்போ துருப்பிடிச்ச இணைப்புல வோல்டேஜ் இறங்காது, ஓடினாத்தான் தடை தெரியும். சும்மா படுத்திருக்கும்போது இசிஜி நார்மல், ட்ரெட்மில்ல ஏத்தினா மாறுது, அந்த மாதிரி நெஞ்சுவலிக்காரர் எங்க வண்டி.

எர்த் போல்ட்டைச் சுரண்டி, புது வயர் போட்டார். கூலியோட 250 ரூபாய்.

பேட்டரி மாத்தினப்போ ஏன் ரெண்டு வாரம் சரியா இருந்துச்சு? மாத்தும்போது அந்த வயரையும் இழுத்து அசைச்சிருக்காங்க, துரு கொஞ்சம் விலகியிருக்கு. பேர் பேட்டரிக்குப் போச்சு. தானா அடங்கற சளிக்கு கடைசியா போட்ட மாத்திரை பேர் வாங்கற மாதிரி.

அதனால என் கருத்து: பார்ட்ஸ் மாத்தணும்னு சொன்னா, "எதை அளந்து பார்த்தீங்க, கோளாறு இருந்தப்பவா இல்லாதப்பவா?"ன்னு கேளுங்க. கேட்கறது மரியாதைக் குறைவு இல்லை. என்கிட்டயும் கேளுங்க.

இன்னொண்ணு, இதுல எனக்குக் கோபமே உண்டு. ஃப்யூஸ் அடிக்கடி போகுதுன்னு 10 ஆம்பியர் இடத்துல 20 போடறது. அப்புறம் ஃப்யூஸுக்கு பதிலா வயர்தான் சூடாகி உருகும். எலி கடிச்ச வயரும் கேஸ் கிட்டும் இருக்கற வண்டியில யோசிச்சுப் பாருங்க. ஆம்னி தயாரிப்பு 2019லயே நின்னு போச்சு, ரோட்டுல ஓடறது எல்லாமே வயசான வண்டிதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏத்திட்டுப் போற வண்டியும் அதுல இருக்கு. உங்க பிள்ளை போற வேன்ல ஹெட்லைட் மங்கி மங்கி எரிஞ்சா, டிரைவர் அண்ணன்கிட்ட இன்னைக்கே சொல்லுங்க.

கழட்டின பழைய டைனமோ எங்க மாடிப்படிக்குக் கீழ கிடக்கு. யாருக்காவது வேணும்னா எடுத்துக்கங்க, அதுல ஒரு கோளாறும் இல்லை.