மருந்துக் கடை விஸ்கியும் இரண்டு காதல் கதைகளும்

2013-ல் வந்த 'தி கிரேட் கேட்ஸ்பி' படத்தில் அமிதாப் பச்சன் கொஞ்ச நேரமே வருவார். சூதாட்டப் புள்ளி வுல்ஃப்ஷைம் வேடம். டிகாப்ரியோ கொடுக்கும் விடிய விடிய விருந்துகளுக்குப் பணம் வந்த வழி இந்த ஆசாமிதான்.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. ஆனால் டாக்டர் சீட்டு இருந்தால் விஸ்கியை 'மருந்தாக' வாங்கலாம். சட்டமே விட்டுவைத்த ஓட்டை அது. ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு 1925-ல் வெளியிட்ட மூல நாவலிலும் கேட்ஸ்பியின் பணம் மருந்துக் கடைகளில் சாராயம் விற்று வந்ததுதான். இந்த உண்மையை ஹோட்டல் அறையில் எல்லோர் முன்பும் போட்டு உடைப்பவன், டெய்ஸியின் கணவன் டாம். அந்த அறைக்கு விஸ்கி பாட்டிலைத் துண்டில் சுற்றி எடுத்து வந்ததும் அவனேதான்! காசில்லாத நாளில் கைநழுவிய டெய்ஸி, காசு வந்தும் கேட்ஸ்பிக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் அவன் நீச்சல்குளத்திலேயே சுடப்பட்டுச் சாகிறான். படிப்பவர்கள் உருகிப்போவார்கள்.

கேட்ஸ்பியோடு அடிக்கடி ஒப்பிடப்படும் நிஜ மனிதர் ஜார்ஜ் ரீமஸ். மருந்தாளுநராக இருந்து வக்கீலானவர். அந்தச் சட்ட ஓட்டை அவருக்கு அத்துப்படி. சின்சினாட்டிக்குக் குடிபெயர்ந்து, மதுபான ஆலைகளையும் மருந்துக் கம்பெனிகளையும் வாங்கினார். 'மருந்து' விஸ்கி ஏற்றிய தன் லாரிகளைத் தன் ஆட்களை வைத்தே கொள்ளையடித்து, கள்ளச் சந்தையில் விற்றார். மாளிகையில் நீச்சல்குளம் கட்டி, அதற்கு மனைவி இமோஜின் பெயரை வைத்தார். புத்தாண்டு விருந்துக்கு வந்தவர்களுக்கு வைரம் பதித்த ஊசிகளைப் பரிசளித்ததாகச் சொல்வார்கள்.

நாவல் வெளியானபோது ரீமஸ் சிறையில் இருந்தார். வெளியே இமோஜினுக்கு, மதுவிலக்குத் துறையில் வேலை பார்த்த ஃபிராங்க்ளின் டாட்ஜோடு காதல். ரீமஸின் சொத்துகளும் கைமாறின. விவாகரத்து வழக்குக்காக 1927 அக்டோபர் 6 அன்று இமோஜின் டாக்ஸியில் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். காரில் துரத்தி வந்து ஈடன் பூங்காவில் வழிமறித்த ரீமஸ், மகளின் கண்ணெதிரிலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்.

நாவலில் செத்தது சாராயம் விற்றவன். நிஜத்தில் செத்தது அவர் மனைவி. ரீமஸ் தன் வழக்கில் தானே வாதாடினார். 'மனநிலை தவறியவர், குற்றவாளியல்ல' என்று தீர்ப்புச் சொல்ல ஜூரிகளுக்கு 19 நிமிடங்களே ஆயின. மனநலக் காப்பகத்தில் சில மாதங்கள் இருந்துவிட்டு வெளியே வந்தவர், 1952 வரை வாழ்ந்தார்.