சேரி வாத்தியாரை மறைத்தது யார்?

‘அரிசிக்கும் பால்பவுடருக்கும் மதம் மாறினவங்க’ என்று இந்துத்துவக்காரன் சொன்னால் அது அவன் பிழைப்பு. படப்பையில் நாங்கள் கூடிப் பேசிய ஒரு வாசகர் கூட்டத்தில் நம்ம தோழர் ஒருத்தரே சொன்னார். சபைக்காரங்க பதில் இன்னும் மோசம்: ‘வெள்ளைக்காரத் துரை வந்துதான் நம்மள மனுசனாக்கினாரு.’ ரெண்டு பேச்சிலும் சேரிக்காரனுக்கு இருப்பது ஏந்துகிற கை மட்டும்தான்.

பாப்டிஸ்ட் சபையின் கதையைப் பாருங்கள். அன்றைய சென்னை மாகாணத்து ஓங்கோலுக்கு அமெரிக்க மிஷனரி ஜான் கிளஃப் குடிவந்தது 1866-ல். அதே வருசம் ஞானஸ்நானம் எடுத்தவர் யெர்ரகுண்ட்ல பேரய்யா. மாதிகர், தோல் வியாபாரி. பட்டம் கிடையாது, அங்கி கிடையாது. தோல் வாங்கப் போன ஊர்களில் சொந்தபந்தங்களை உட்காரவைத்துப் பேசினார். கிளஃப் அவர் ஊருக்குப் போனபோது கேட்பதற்கு ஆள் திரண்டிருந்தது. துரையா திரட்டினார்? ஓங்கோல் பள்ளிக்கூடத்தில் மாதிகப் பிள்ளைகளைச் சேர்த்ததும் சாதிப் பிள்ளைகள் வெளியேறியதும் அந்தக் காலத்தில்தான். கல்வி என்றால் ஆண்டைக்கு வயிறு எரியும், அது எந்தச் சாமியின் பேரில் நடந்தாலும்.

1876-78 பஞ்சம். நம்ம மெட்ராஸ் வழியாகப் போகிற அதே பக்கிங்காம் கால்வாயில் ஒரு பகுதியை வெட்டும் ஒப்பந்தத்தை கிளஃப் எடுத்தார். பேரய்யா வழியில் வந்த கிராமத்து உபதேசிகள்தான் கூலிக் கும்பல்களுக்கு மேஸ்திரிகள். மண் சுமந்து ஓய்ந்த நேரத்தில் பேச்சும் போதனையும். பஞ்ச நிவாரணம் நடந்த காலத்தில் கிளஃப் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. அரிசிக் கதை சொல்லும் தோழர் இதைக் கொஞ்சம் கவனிக்கணும். 1878 ஜூலை 3, குண்ட்லகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2222 பேர் முழுக்கு எடுத்தார்கள். முழுக்கு கொடுத்த ஆறு பேருமே தெலுங்குப் போதகர்கள். கிளஃப் கை நனையவில்லை. வந்தவனை முகம் தெரிந்து, ஊர் தெரிந்து, கேள்வி கேட்டுச் சேர்த்தது உபதேசி. ஆனால் உலகம் பூரா பரவிய பேர் கிளஃப்பின் பேர்.

பாப்டிஸ்ட் கொள்கைப்படி பிஷப் கிடையாது. சபை கூடி முடிவெடுக்கணும். விசுவாசி ஒவ்வொருவரும் ஆசாரியர். கேட்க நல்லாத்தான் இருக்கு. சம்பளமும் கட்டடமும் மிஷன் கையில் இருந்தபோது முடிவும் அங்கேயே இருந்தது. மிஷன் போனபிறகு அந்த நாற்காலியில் பாஸ்டர் குடும்பம் உட்கார்ந்துகொண்டது.

ஒரகடம் பக்கம் காலனிச் சபைகளில் நான் பார்ப்பது இதுதான். வாரம் பூரா கம்பெனியில் காண்ட்ராக்ட் ஷிப்ட் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு வசனத்தோடு கணக்கும் சொல்லித்தருகிற பெண்கள். கமிட்டியில் ஒருத்தி கிடையாது. காணிக்கைக் கணக்கைக் கேட்டால் ‘ஆவியில் பலவீனம்’ என்கிறார்கள்.

சபையில் இருக்கிற மாணவத் தோழர்களே, அடுத்த சபைக் கூட்டத்தில் அந்தப் பெண்களைக் கமிட்டிக்கு முன்மொழியுங்கள். பழைய ஓய்வுநாள் பள்ளிப் பதிவேடுகள் பீரோவில் கரையான் அரித்துக் கிடக்கும். எடைக்குப் போடுவதற்குள் எடுத்து, சொல்லிக்கொடுத்தவர்கள் பேரை எழுதி வையுங்கள்.